குழாய்க்குப் பக்கத்தில் அசோகமித்திரன்

ஒரு கல்லூரியில் தமிழ் மன்றத்தைத் தொடங்கிவைக்கக் கூப்பிட்டிருந்தார்கள். பத்தரை மணிக்கு விழா. நம்ம ஊர் விழா பதினொன்றரைக்கு முன்னால் ஆரம்பிக்காது என்று தெரிந்தும் பத்து மணிக்கே போய் நின்றுவிட்டேன். முதல்வர் மீட்டிங்கில் இருந்தார். என்னை என்ன செய்வதென்று தெரியாமல் தவித்த ஒரு பேராசிரியர், 'லைப்ரரி பாக்கறீங்களா சார்? முழுக்க கம்ப்யூட்டரைஸ் பண்ணியாச்சு' என்றார்.

எனக்கும் அங்கே ஒரு வேலை இருந்தது. அன்றைய பேச்சில் அசோகமித்திரனின் 'தண்ணீர்' நாவலைப் பற்றிச் சொல்ல நினைத்திருந்தேன். புத்தகத்தை வீட்டிலேயே மறந்துவிட்டு வந்திருந்தேன். ஒரு பார்வை பார்த்துக்கொண்டால் தைரியமாகப் பேசலாம்.

நூலகம் பளிச்சென்று இருந்தது. ஏ.சி., வாசலில் பீப் அடிக்கும் கேட், தேடுவதற்குத் தனியாக நாலு கம்ப்யூட்டர்கள். உட்கார்ந்து அசோகமித்திரன் என்று ஆங்கில எழுத்தில் அடித்தேன். பூஜ்யம். நடுவில் ஒரு 'எச்' சேர்த்தேன். இரண்டு சிறுகதைத் தொகுப்புகள் வந்தன. அசோக என்று அடித்து, இடம் விட்டு, மித்திரன் என்று அடித்தேன். அதில் வேறு ஒரு புத்தகம் வந்தது. 'தண்ணீர்' மட்டும் வரவில்லை. தலைப்பைப் போட்டுப் பார்த்தேன். நிலத்தடி நீர் பற்றிய ஓர் அறிக்கை வந்தது.

என் அவஸ்தையைப் பார்த்துக்கொண்டிருந்த நூலக உதவியாளர் பக்கத்தில் வந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். 'நாவல்தானே சார்? வாங்க' என்று கூட்டிக்கொண்டு போனார். தமிழ் இலக்கிய வரிசையைத் தாண்டினார். ஆங்கில இலக்கியத்தைத் தாண்டினார். சிவில் இன்ஜினீயரிங் அலமாரியின் முன்னால் நின்றார். குடிநீர்க் குழாய் பதிப்பது பற்றி ஒரு தடிமனான புத்தகம், தண்ணீர் சுத்திகரிப்பு பற்றி இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் ஒடுங்கிக்கொண்டு அசோகமித்திரன். முதுகில் ஒட்டியிருந்த லேபிளில் 628.1 என்று அச்சாகியிருந்தது. டூயி தசம வகைப்பாட்டில் அது குடிநீர் வழங்கலுக்கான எண். தமிழ் இலக்கியம் இருக்கவேண்டியது 894.811-ல்.

'கம்ப்யூட்டர்ல ஏத்தினப்போ நம்பர் அப்படிப் போட்டுட்டாங்க சார். நான் எடுத்துத் தமிழ் ஷெல்ஃப்ல வெச்சேன். ஸ்டாக் வெரிஃபிகேஷன்ல அந்த இடத்துல புக் இல்லைன்னு மிஸ்ஸிங் லிஸ்ட்ல வந்துடுச்சு. எனக்கு எதுக்கு வம்புன்னு திரும்ப இங்கேயே கொண்டுவந்து வெச்சுட்டேன்' என்றார்.

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

விஷயத்தை விசாரித்தபோது கதை புரிந்தது. நாக் கமிட்டி வரப்போகிறது என்று தெரிந்ததும் நிர்வாகம் அவசரப்பட்டிருக்கிறது. நூலகம் கணினிமயமாகிவிட்டதா என்பது அவர்கள் கேட்கும் கேள்விகளில் ஒன்று. கேட்டலாக் செய்ய இருந்தவர் ஓய்வுபெற்றுப் போய்விட்டார். அந்த இடத்தை நிரப்பவில்லை. டெண்டர் விட்டார்கள். குறைந்த விலை சொன்ன கம்பெனிக்கு வேலை போனது. ஒரு புத்தகத்துக்கு இத்தனை ரூபாய் என்று ரேட். பையன்களும் பெண்களும் வந்தார்கள். பார்கோடு ஒட்டினார்கள், டைப் அடித்தார்கள், போய்விட்டார்கள். கமிட்டி வந்தது, திரையைப் பார்த்தது, தலையாட்டியது.

இப்படி வேலை பார்த்த பெண் ஒருவரிடம் பின்னால் பேசும் வாய்ப்புக் கிடைத்தது. நூலக அறிவியலில் முதுகலைப் பட்டம் பெற்றவர். 'நாளைக்கு 150 என்ட்ரி டார்கெட் சார். டைட்டில் பேஜ், பதிப்பாளர், வருஷம், விலை. அவ்வளவுதான் பார்க்க முடியும். உள்ள என்ன இருக்குன்னு திறந்து பார்த்தா அன்னிக்கு சம்பளம் குறையும்' என்றார். எட்டு மணி நேரத்தில் 150 என்றால் ஒரு புத்தகத்துக்கு மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல். அதிலேயே தண்ணீர் குடிக்கவேண்டும், பாத்ரூம் போகவேண்டும். அந்தப் பெண்ணைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இதே வேலையை நிதானமாக, ஒழுங்காகச் செய்வதற்கான படிப்பைப் படித்தவர் அவர். அதற்கான நிரந்தர வேலையை ஒழித்துவிட்டு, அதே வேலையைத் தப்பாகச் செய்ய அவருக்கே கூலி கொடுத்திருக்கிறோம்.

என் சண்டை இந்த ஏற்பாட்டோடுதான்.

கேட்டலாக் என்றால் என்னவோ மளிகைக் கடை ஸ்டாக் லிஸ்ட் மாதிரி என்று நிறைய நிர்வாகிகள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். புத்தகத்தின் பெயர், எழுதியவர் பெயர், விலை. இதற்கு எதற்கு ஸ்பெஷலிஸ்ட்? பன்னிரண்டாவது படித்து டைப்பிங் தெரிந்தால் போதாதா?

போதாது. கேட்டலாக் செய்பவர், வரப்போகும் அத்தனை வாசகர்களுக்காகவும் அந்தப் புத்தகத்தை முதலில் புரட்டிப் பார்ப்பவர். இது எதைப் பற்றியது, யார் இதைத் தேடி வருவார்கள், எந்தப் பெயரில் தேடுவார்கள் என்று யோசிப்பவர். அந்த யோசனைக்குத்தான் சம்பளம்.

தமிழில் இந்த வேலை இன்னும் கஷ்டம். நம் நாவலாசிரியர்கள் வைக்கிற தலைப்பு அப்படி. நாஞ்சில் நாடனின் 'தலைகீழ் விகிதங்கள்' நாவலைத் தலைப்பை மட்டும் பார்த்து எண் போட்டால் கணித அலமாரிக்குப் போகும். டி. செல்வராஜின் 'தோல்' லெதர் டெக்னாலஜிக்குப் போகும். சுந்தர ராமசாமியின் 'ஒரு புளியமரத்தின் கதை' தாவரவியலில் போய் நிற்கும். புரட்டிப் பார்க்க ஒரு நிமிடம் கொடுத்திருந்தால் இது எதுவும் நடக்காது.

பெயர்களோ இன்னும் பெரிய கூத்து. சுஜாதா என்று எழுதியவர் எஸ். ரங்கராஜன். சுஜாதா அவர் மனைவியின் பெயர். இன்னொரு பக்கம் ரா.கி.ரங்கராஜன். அவரும் பல புனைபெயர்களில் எழுதியவர். புதுமைப்பித்தன் என்றால் சொ. விருத்தாசலம். கல்கி என்று தேடினால் எழுத்தாளர், பத்திரிகை, விஷ்ணுவின் அவதாரம் மூன்றும் வரவேண்டும், மூன்றும் தனித்தனியாக வரவேண்டும். இதுபோக, கம்ப்யூட்டர் ஃபாரத்தில் 'சர்நேம்' என்று ஒரு கட்டம் இருக்கும். நமக்கேது சர்நேம்? இனிஷியலை விரித்து அப்பா பெயரை அதில் போட்டுவிட்டால் ஜெயகாந்தன் 'தண்டபாணி'யின் கீழே போய் உட்கார்ந்துகொள்வார். ஜெயகாந்தனை தண்டபாணி என்று யார் தேடப்போகிறார்கள்?

ஒருவருடைய எல்லாப் புத்தகங்களையும் ஒரே பெயரின் கீழ் கொண்டுவந்து, மற்ற பெயர்களில் தேடி வருபவர்களுக்கு 'இங்கே பார்' என்று வழிகாட்டுவதை நூலகத் துறையில் அத்தாரிட்டி கன்ட்ரோல் என்கிறார்கள். ஒரு பதிவுக்கு இவ்வளவு என்று கூலி கொடுக்கும் காண்ட்ராக்டில் இதற்கு இடமே கிடையாது. ஏனென்றால் இது ஒரு பதிவின் வேலை இல்லை. பதிவுகளுக்கு நடுவில் இருக்கும் உறவின் வேலை. அதற்கு ரேட் போட முடியாது. ரேட் இல்லாத வேலையை காண்ட்ராக்டர் செய்யமாட்டார். அது அவர் தப்பும் இல்லை.

'அப்படியானால் எல்லா நூலகமும் எல்லாப் புத்தகத்துக்கும் தனித்தனியாக உட்கார்ந்து கேட்டலாக் செய்யவேண்டுமா? பைத்தியக்காரத்தனம் இல்லையா?' என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. பைத்தியக்காரத்தனம்தான். நான் அதைச் சொல்லவில்லை.

வேலையைப் பகிர்ந்துகொள்வது நூறு வருஷத்துக்கும் மேலான பழக்கம். அமெரிக்காவின் லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் தான் தயாரித்த கேட்டலாக் அட்டைகளை அச்சடித்து 1901-லேயே மற்ற நூலகங்களுக்கு விற்க ஆரம்பித்துவிட்டது. 1967-ல் ஒஹையோ மாநிலக் கல்லூரிகள் சேர்ந்து ஓ.சி.எல்.சி. என்ற கூட்டமைப்பை ஆரம்பித்தன. 1971-லிருந்து ஒரு நூலகம் கம்ப்யூட்டரில் செய்த பதிவை இன்னொரு நூலகம் எடுத்துக்கொள்ள முடிந்தது. இன்று அது உலகம் முழுக்க விரிந்திருக்கிறது.

அவ்வளவு தூரம் போவானேன்? சீர்காழியில் பிறந்து, 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகி, உலகத்துக்கே நூலக விதிகள் சொல்லிக்கொடுத்த எஸ்.ஆர்.ரங்கநாதனே இதற்கு ஆதரவு. புத்தகம் அச்சாகி வெளியே வருவதற்கு முன்பே, அதாவது பிறப்பதற்கு முன்பே, ஓரிடத்தில் வைத்து வகைப்படுத்தி கேட்டலாக் செய்துவிடவேண்டும், எல்லா நூலகங்களும் அதைப் பயன்படுத்திக்கொள்ளவேண்டும் என்று யோசனை சொன்னவர் அவர். ஆக, வெளியிலிருந்து பதிவு வாங்குவது பாவமில்லை. தெரிந்தவன் ஒருமுறை ஒழுங்காகச் செய்ததை நூறு பேர் எடுத்துக்கொள்வது வேறு. தெரிந்துகொள்ள நேரமே கொடுக்காமல் ஒருவனை வைத்து ஒப்பேற்றுவது வேறு. முதலாவது கூட்டுறவு. இரண்டாவது குத்தகை.

மொத்தமாக வெளியே கொடுக்கும் காரியத்தையும் அமெரிக்காக்காரன்தான் ஆரம்பித்துவைத்தான். ரைட் சகோதரர்களின் ஊரான டேட்டனில் ரைட் ஸ்டேட் யுனிவர்சிட்டி இருக்கிறது. 1993-ல் அந்தப் பல்கலைக்கழகம் தன் கேட்டலாக் துறையையே மூடிவிட்டு, வேலையை ஓ.சி.எல்.சி.யின் டெக்ப்ரோ சேவையிடம் ஒப்படைத்தது. செலவு மிச்சம் என்றார்கள். நூலக உலகத்தில் பெரிய ரகளை. கேட்டலாக் விதிகளின் இரண்டாம் பதிப்பைத் தொகுத்த இருவரில் ஒருவரான மைக்கேல் கோர்மன், 1995-ல் 'லைப்ரரி ஜர்னல்' பத்திரிகையில் கேட்டலாக்கிங் சீரழிகிறது என்று தலைப்புப் போட்டே எழுதினார்.

அடுத்த வெடி ஹவாய்த் தீவுகளில். அது பல்கலைக்கழகம் இல்லை, மாநிலப் பொது நூலகங்கள். ஆனால் பாடம் ஒன்றுதான். 1996-ல் புத்தகத் தேர்வு, கேட்டலாக், லேபிள் ஒட்டுவது எல்லாவற்றையும் பேக்கர் அண்ட் டெய்லர் என்ற கம்பெனியிடம் கொடுத்தார்கள். ஒரு புத்தகத்துக்கு 20.94 டாலர். எந்தப் புத்தகமாக இருந்தாலும் அதே விலை. யோசித்துப் பாருங்கள். எதைக் கொடுத்தாலும் அதே பணம் என்றால் வியாபாரி எதைக் கொடுப்பான்? வேண்டாத புத்தகங்கள் வருகின்றன, ஒரே புத்தகத்தின் பிரதிகள் குவிகின்றன என்று நூலகர்கள் கொதித்தார்கள். 1997-ல் ஒப்பந்தம் ரத்தானது.

எதிர்த்தரப்பையும் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க நூலகச் சங்கத்துக்காக டெக்சாஸ் வுமன்ஸ் யுனிவர்சிட்டி 2000-ல் ஓர் ஆய்வு செய்தது. வெளியே கொடுப்பது என்ற ஒரே காரணத்தால் நூலகச் சேவை கெட்டுப்போனதாக ஆதாரம் இல்லை என்று அது சொன்னது. அவுட்சோர்சிங் ஆதரவாளர்கள் இதைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். வரட்டும். நானும் அதையேதான் சொல்கிறேன். வெளியே கொடுப்பது மட்டுமே குற்றமில்லை. யாரிடம், எதற்காக, என்ன நிபந்தனையில் கொடுக்கிறோம், வாங்கிய பிறகு சரிபார்க்க உள்ளே ஆள் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. ரைட் ஸ்டேட் கொடுத்தது, கேட்டலாக்கையே தொழிலாகக் கொண்ட அமைப்பிடம். நாம் கொடுப்பது, போன மாதம் மின்கட்டண ரசீது டைப் அடித்துக் கொடுத்த கம்பெனியிடம்.

நான் பி.காம். படித்தவன். நூலக சாஸ்திரம் படித்ததில்லை. ஆனால் கணக்குப் பாடத்தில் ஒன்று சொல்லிக்கொடுத்தார்கள். ஒரு செலவு உன் லெட்ஜரில் இல்லை என்பதால் அது இல்லாமல் போய்விடாது. யாரோ ஒருவன் லெட்ஜரில் அது இருக்கும்.

சும்மா ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். ஒரு கல்லூரியில் 40,000 புத்தகங்கள். காண்ட்ராக்டில் கொடுத்ததால் புத்தகத்துக்குப் பதினைந்து ரூபாய் மிச்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு லட்சம் லாபம். போர்டு மீட்டிங்கில் கைதட்டுவார்கள். அதில் பத்தில் ஒன்று, அதாவது 4,000 புத்தகங்கள், தேடினால் கிடைக்காத மாதிரி பதிவாகிவிட்டன என்று வையுங்கள். ஒரு புத்தகம் சராசரி 250 ரூபாய் என்றால் பத்து லட்சம் ரூபாய்ச் சரக்கு குடோனிலேயே தொலைந்துவிட்டது. திருட்டுப் போகவில்லை, எரிந்துபோகவில்லை. அலமாரியில் பத்திரமாக இருக்கிறது. கண்டுபிடிக்க முடியாது, அவ்வளவுதான். கண்டுபிடிக்க முடியாத புத்தகத்துக்கும் இல்லாத புத்தகத்துக்கும் வாசகனுக்கு என்ன வித்தியாசம்?

வேடிக்கை என்னவென்றால், பேலன்ஸ் ஷீட்டில் அந்தப் பத்து லட்சம் சொத்தாகவே தொடரும். சில சமயம் இன்னொரு பிரதி வேறு வாங்குவார்கள்.

அரை மணி நேரம் தேடிக் கிடைக்காமல் எழுந்து போகிற மாணவனின் செலவு எந்தக் கணக்கிலும் வராது. அவன் புகார் கொடுக்கமாட்டான். 'நம்ம லைப்ரரில ஒண்ணும் இல்லடா' என்று நண்பனிடம் சொல்வான். மறுபடி வரமாட்டான். அடுத்த வருஷம் நிர்வாகம் சொல்லும்: 'பசங்க லைப்ரரிக்கே வர்றதில்லை சார், எதுக்கு இவ்வளவு பட்ஜெட்?'

கணக்குப் பாடத்தில் இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தார்கள். வேலை செய்தவனே அதைச் சரிபார்க்கக்கூடாது. அதனால்தான் ஆடிட்டர் என்று ஒருவர் இருக்கிறார். கேட்டலாகரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு வேலையை வெளியே கொடுக்கும்போது, ஆடிட்டரையும் சேர்த்தே அனுப்பிவிடுகிறோம். வந்த பதிவு சரியா தப்பா என்று சொல்ல உள்ளே ஆள் கிடையாது. டெண்டரில் எண்ணிக்கை இருக்கும். எத்தனை பிழைக்கு மேல் போனால் பணம் கிடையாது என்ற ஷரத்து இருக்கிறதா என்று உங்கள் கல்லூரியில் கேட்டுப் பாருங்கள்.

கம்பெனியை நம்பி உள்ளே இருந்த திறமையைக் கலைத்துவிட்டால், கம்பெனி போனபிறகு கையில் என்ன இருக்கும் என்பதும் கேள்வி. ஹவாய் விவகாரத்தில் சொன்னேனே, பேக்கர் அண்ட் டெய்லர். 1828-ல் ஆரம்பித்த நிறுவனம். அமெரிக்க நூலகங்கள் புத்தகத்தையும், அதோடு தயாரான பதிவையும் அவர்களிடம் வாங்கிப் பழகியிருந்தன. 2025 அக்டோபரில் கடையை மூடப்போவதாக அறிவித்துவிட்டார்கள். கிட்டத்தட்ட இருநூறு வருஷக் கம்பெனிக்கே இந்தக் கதி என்றால், மாடிப்படிக்குக் கீழே போர்டு மாட்டியிருக்கும் நம்ம ஊர் காண்ட்ராக்டர் மூன்று வருஷம் கழித்து அதே நம்பரில் போன் எடுப்பாரா?

வெளியே கொடுத்தும் ஒழுங்காகச் செய்ய முடியும் என்பதற்கு உதாரணம் நம் பக்கத்திலேயே இருக்கிறது. லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் 1962 முதல் புதுதில்லியில் ஓர் அலுவலகம் வைத்திருக்கிறது. அமெரிக்கா நமக்குக் கோதுமை அனுப்பிய பி.எல். 480 திட்டத்தில் சேர்ந்த ரூபாயைக் கொண்டு ஆரம்பித்தது. இந்திய மொழிப் புத்தகங்களை வாங்கி அமெரிக்கப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பும் வேலை. சிகாகோவிலும் பெர்க்லியிலும் தமிழ்ப் புத்தகங்கள் அவ்வளவு இருப்பதற்கு இது முக்கியமான காரணம். அந்தப் புத்தகங்களை வாஷிங்டனில் வைத்து, தமிழ் தெரியாதவரிடம் கொடுத்து கேட்டலாக் செய்யச் சொல்லியிருக்கலாம். அப்படிச் செய்யாமல், மொழி தெரிந்தவர்களை இங்கேயே வேலைக்கு வைத்தார்கள்.

அந்தப் பதிவுகளில் தமிழ்ப் பெயர்களை ரோமன் எழுத்தில் எழுத ஒரே விதி. 'ச' வந்தால் எப்போதும் 'சி' என்ற எழுத்துதான். சுந்தர ராமசாமி என்றால் 'எஸ்'ஸில் இருக்கமாட்டார், 'சி'யில் இருப்பார். பார்க்க விசித்திரமாக இருக்கும். ஆனால் ஒருமுறை விதி தெரிந்துவிட்டால் எல்லாப் புத்தகமும் அங்கேயே கிடைக்கும். மூன்று ஸ்பெல்லிங்கில் மூன்று அசோகமித்திரன் அங்கே கிடையாது.

சென்னையிலேயே இருக்கிறது ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம். கோட்டையூரில் தனி மனிதராக ரோஜா முத்தையா சேர்த்த புத்தகங்களும் நோட்டீஸ்களும் பாட்டுப் புத்தகங்களும். அவர் மறைந்தபிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கியது. கப்பலேற்றிக்கொண்டு போகவில்லை. 1994-ல் இங்கேயே நூலகமாக்கி, இங்கே இருப்பவர்களை வைத்தே கேட்டலாக் செய்தார்கள். அதனால்தான் இன்று ஆராய்ச்சி மாணவர் போய்க் கேட்டால் பழைய புத்தகம் கைக்கு வருகிறது.

சிகாகோக்காரனுக்குத் தெரிந்திருக்கிறது, தமிழ்ப் புத்தகத்தைத் தமிழ் படித்தவன் புரட்டிப் பார்க்கவேண்டும் என்று. தமிழ்நாட்டில் இருக்கும் கல்லூரிக்குத் தெரியவில்லை.

'கம்ப்யூட்டர் தானாகவே எல்லாம் செய்துவிடும் சார், இப்போ ஏ.ஐ. வந்துடுச்சு' என்று ஒரு நண்பர் சொன்னார். செய்யட்டும், சந்தோஷம். அவசரத்தில் அடித்த பதிவைவிட அது நன்றாகவே செய்யக்கூடும். ஆனால் அது செய்தது சரியா என்று யார் பார்ப்பது? மூன்று நிமிடம் கொடுத்து மனிதனை ஏமாற்றச் சொன்ன அதே நிர்வாகம், மூன்று விநாடி கொடுத்து இயந்திரத்தை ஏமாற்றச் சொல்லும். ஆள் மாறும், அலட்சியம் மாறாது.

என்ன செய்யலாம்? புரட்சியெல்லாம் வேண்டாம். நாலு காரியம் போதும்.

ஒவ்வொரு கல்லூரி நூலகத்திலும் கேட்டலாகுக்குப் பொறுப்பான ஒருவராவது நிரந்தர ஊழியராக இருக்கவேண்டும். வேலை வெளியே போனாலும் கையெழுத்து அவருடையது. இது ஒன்று.

டெண்டரில் எண்ணிக்கையோடு தரமும் இருக்கவேண்டும். நூறு பதிவுக்கு ஐந்தைக் குருட்டாம்போக்கில் எடுத்து, புத்தகத்தைத் திறந்து ஒப்பிட்டுப் பார்க்கவேண்டும். தப்பு அதிகமென்றால் அந்த நூறும் திரும்பப் போகவேண்டும், பணம் இல்லாமல். இரண்டு.

தமிழ் எழுத்தாளர்களுக்கு ஒரு பொதுப் பெயர்ப் பட்டியல் வேண்டும். இயற்பெயர், புனைபெயர், இனிஷியல், எல்லா ஸ்பெல்லிங்கும் சேர்த்து. பல்கலைக்கழகங்கள் கூடி ஒருமுறை செய்தால் எல்லாக் கல்லூரியும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம். ரங்கநாதன் பிறந்த மாநிலத்துக்கு இது முடியாத காரியமா? மூன்று.

நாலாவது, ஆய்வுக்கு வரும் கமிட்டி. கம்ப்யூட்டர் இருக்கிறதா என்று பார்க்காதீர்கள் ஐயா. உட்கார்ந்து ஐந்து புத்தகம் தேடுங்கள். எழுந்து போய் அலமாரியிலிருந்து எடுத்து வாருங்கள். எத்தனை கிடைத்ததோ அதற்கு மார்க் போடுங்கள். ஒரே வருஷத்தில் எல்லா நிர்வாகமும் கேட்டலாகரைத் தேடி ஓடும்.

கமிட்டி செய்கிற வரைக்கும் நீங்கள் செய்யலாம். உங்கள் பிள்ளை படிக்கும் கல்லூரியில், நீங்கள் பாடம் நடத்தும் கல்லூரியில், உங்களுக்குப் பிடித்த ஓர் எழுத்தாளரின் பெயரைத் தேடிப் பாருங்கள். புனைபெயரில் ஒரு தரம், இயற்பெயரில் ஒரு தரம். அவருடைய எல்லாப் புத்தகமும் ஒரே இடத்தில் வருகிறதா? சொன்ன அலமாரியில் இருக்கிறதா? இல்லையென்றால் முதல்வருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அரைப் பக்கம் போதும்.

அன்றைக்கு விழா நான் நினைத்தபடியே பதினொன்றரைக்குத்தான் ஆரம்பித்தது. 'தண்ணீர்' பற்றிப் பேசினேன். கூட்டம் முடிந்ததும் இரண்டாம் வருட மாணவி ஒருத்தி வந்து, 'சார், நீங்க சொன்ன நாவல் நம்ம லைப்ரரில இருக்கா? நான் தேடினேன், வரலை' என்றாள். சிவில் இன்ஜினீயரிங் அலமாரிக்குப் போ என்றேன். கேலி செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டு முகம் வாடிப்போனாள். நானே கூட்டிக்கொண்டு போய் அந்த உதவியாளரிடம் விட்டேன்.

அவர் எடுத்துக்கொடுத்தார். இதுபோல இடம் மாறிக் கிடக்கும் புத்தகங்கள் எங்கெங்கே இருக்கின்றன என்று அவருக்கு மனப்பாடம். எத்தனை இருக்கும் என்று கேட்டேன். 'எண்ணினதில்லை சார், கேட்டா எடுத்துக் குடுத்துருவேன்' என்றார்.

அவருக்கு ஓய்வுபெற இன்னும் ஒன்றரை வருஷம் இருக்கிறது.